கறுப்பு ஏறிய டம்ளர்

அருப்புக்கோட்டைக்கு டீத்தண்ணி வந்தது ஓசியில்தான். இன்றைக்குத் தெருவுக்கு நாலு கடை இருப்பதைப் பார்க்கிறவர்கள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, தேயிலைக்காரர்கள் ஒரு வண்டியோடு வந்து சந்தை முக்கில் நின்றார்கள். பாட்டுப்பெட்டி ஒரு பக்கம் பாடிக்கொண்டிருக்க, போகிறவன் வருகிறவன் கையிலெல்லாம் ஒரு குவளையைத் திணித்தார்கள். முதல் நாள் வாங்கியவர்கள் பாதிக்குமேல் துப்பினார்கள். மறுநாள் துப்பினவர்களே முன்னால் வந்து நின்றார்கள். பிறகு தெருத்தெருவாக வந்து, தேயிலையை எப்படிப் போட்டு எப்படி வடிக்க வேண்டும் என்று பெண்களுக்கும் செய்து காட்டினார்கள்.

அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களில் சந்தனம்மாள் கெட்டிக்காரி. இளவயதில் தாலியறுத்து, தம்பி அப்பய்யாவின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். பொட்டும் பூவும் வண்ணச்சேலையும் போன பிறகு அவளுக்கென்று ஒரு ருசி இருந்தது என்றால் அது டீத்தண்ணிதான். பால் கிடையாது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தேயிலையைக் கொதிக்கவிட்டு இறக்கினால் செக்கச்செவேலென்று இருக்கும். அதைக் குடித்தால் பசி தெரியாது என்பது அவள் கண்டுபிடித்த உபயோகம். சோளமும் கம்பும்கூட அளந்து போடும் காலமாகிவிட்டது. தன் பங்கை மற்றவர்கள் தட்டில் தள்ளிவிட்டு ஒரு டம்ளர் டீத்தண்ணியோடு அவள் எழுந்துவிடுவாள். யாரும் கவனித்ததில்லை. வீடுகளில் இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

அவர்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். வாசிக்கிறவர்களுக்கு வசதியாக இரண்டையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பய்யா நூலுக்குச் சாயம் போடுகிறவன். யுத்தம் வந்ததும் ஜெர்மன் சாய டப்பாக்கள் வருவது நின்றுபோனது. சேலைக் கரைக்குக் கறுப்பு நூல் கேட்டு வரும் நெசவுக்காரர்களுக்கு அவனுடைய தகப்பன் போட்ட பழைய கறுப்பையே திரும்பப் போடத் தொடங்கினான். அதற்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று கடுக்காய். இடித்து ஊறவைத்த தண்ணீரில் நூலை முக்கிக் காயப்போட்டால் அழுக்கு மஞ்சளாகத் துவர்ப்பு ஏறி நிற்கும். இன்னொன்று இரும்புத் தண்ணீர். துருப்பிடித்த லாடம், உடைந்த ஏர்க்கொழு, ஆணி எல்லாவற்றையும் ஒரு பெரிய பானையில் போட்டு, கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி, மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. அதற்குக் காடிப் பானை என்று பெயர்.

காடிப் பானை இருந்த கொட்டகைக்குள் பெண்கள் போகக் கூடாது. பெண் கண் பட்டால் கறுப்பு பிடிக்காது, சாம்பல் பூத்துவிடும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பானைக் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, சௌடேஸ்வரி அம்மனை நினைத்துச் சூடம் காட்டித்தான் அப்பய்யா மூடியைத் திறப்பான். இத்தனைக்கும் கடுக்காய் முழுவதையும் உரலில் இடித்தது சந்தனம்மாள். அவள் உள்ளங்கை எப்போதும் மஞ்சள் பாரித்துக் கிடக்கும். மஞ்சள் நூல் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறாள், கறுப்பு நூல் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறாள். நடுவில் நடப்பது அவளுக்குத் தெரியாது. அதேபோல, அடுப்படியில் என்ன நடக்கிறது என்பது அப்பய்யாவுக்குத் தெரியாது. அன்றைய ஆண்களுக்குச் சோறு தட்டில் முளைப்பதாகத்தான் எண்ணம்.

அப்பய்யாவின் பெண்டாட்டி சௌடம்மா, பரளச்சிப் பக்கத்துப் பெண். கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய், ரத்தமும் நிறையப் போய், பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். ஆடி பிறந்தபோது அவள் முகம் வெளுத்து, நாலு எட்டு நடந்தால் மூச்சு இளைத்தது. செம்மண் கட்டியை முந்தானையில் முடிந்து வைத்து ஒளித்துத் தின்றாள். சந்தனம்மாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, புழுதிக் காற்றில் முக்காட்டை இழுத்துவிட்டு, திருச்சுழி ரோட்டில் இருந்த மிஷன் மருந்துவீட்டுக்குப் போனாள்.

அங்கே இருந்த நர்சு ஞானப்பூ, பிள்ளைப்பேறு பார்ப்பதில் பேரெடுத்தவள். கறாரான பேச்சு, மெத்தென்ற கை. சௌடம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமுக்கிப் பார்த்தாள்.

"ரத்தம் தண்ணியாக் கெடக்கும்மா" என்று சந்தனம்மாளிடம் சொன்னாள். "போன தடவ மாதிரி ரத்தம் போச்சுன்னா பிள்ளையும் தங்காது, இந்தப் பொண்ணும் தங்காது. பயங்காட்டுறதுக்குச் சொல்லல."

"என்ன செய்யணும் நர்சம்மா?"

"இந்த மருந்த மூணு வேளையும் குடுங்க. இரும்புச் சத்து."

"இரும்பயா குடிக்கச் சொல்றீக?"

"கரைச்ச தண்ணிதான். ரத்தத்துக்குச் செவப்பு இதுலருந்துதான் வரும். குமட்டத்தான் செய்யும். எப்படியாச்சும் உள்ள போகணும். அது உங்க பொறுப்பு."

பொறுப்பு என்று அவள் சொன்னதை சந்தனம்மாள் மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படி ஒரு காரியத்தை ஒப்படைத்ததில்லை.

சீசாவில் இருந்தது லேசாகப் பச்சை பாரித்த தண்ணீர். முதல் நாள் குடித்ததும் சௌடம்மா முற்றத்தில் போய் எல்லாவற்றையும் கக்கினாள். சந்தனம்மாள் தேனில் கொடுத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. மோரில் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை.

"துருப்பிடிச்ச வாளித் தண்ணி மாதிரி இருக்கு மதினி. என்னால ஏலாது."

"ஏலாதுன்னு சொன்னா எப்பிடித் தாயி? கொஞ்சம் பொறு."

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த யோசனை வந்தது. கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு டீத்தண்ணி வைத்து, மருந்தை அதில் ஊற்றிக் கொடுத்தாள். சௌடம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சற்று நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாந்தி வரவில்லை.

"நின்னுருச்சு மதினி."

"நிக்கும். நான் போட்ட டீத்தண்ணியில்ல?"

அதன்பிறகு அந்த வீட்டில் மூன்று வேளையும் டீத்தண்ணி வாசம்தான். மத்தியானம் சோளச்சோறும் காணப்பயற்றுத் துவையலும் ஆனதும், உரலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்காருவார்கள். சந்தனம்மாள் கடுக்காய் இடிப்பாள், சௌடம்மா கொட்டையைத் தனியே பொறுக்குவாள். பரளச்சியில் முதல் மழை விழுந்ததும் கரிசல் எப்படி மணக்கும், காலில் மண் அப்பி நடக்கமுடியாமல் எப்படி விழுந்து சிரிப்பார்கள் என்று சௌடம்மா சொல்லுவாள். தெருவில் தறிச் சத்தம் ஓயாது. அந்த ஆடிக் காற்றிலும் பஞ்சத்திலும் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னாளில் சந்தனம்மாள் எதை மறந்தாலும் அந்த மத்தியானங்களை மறக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான். மருந்தை ஊற்றியதும் டீத்தண்ணி கறுத்துவிடும். செக்கச்செவேலென்று இருந்தது மை மாதிரி ஆகிவிடும். ஈயம் பூசிய டம்ளரில் ஒரு கறுப்பு வளையம் ஏறியது, சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. 'மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்' என்று சந்தனம்மாள் எண்ணிக்கொண்டாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது தனக்கு மூச்சு வாங்குவதையும், வயசாகிறது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

ஆவணியில் மறுபடி மருந்துவீட்டுக்குப் போனார்கள். ஞானப்பூ இமையை இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மருந்து குடுத்தீகளா இல்லையா?"

"ஒரு வேள தப்பல நர்சம்மா. எங்கம்மன் மேல ஆணை."

"நாக்கக் காட்டு."

சௌடம்மா நாக்கை நீட்டினாள். கறுத்திருந்தது.

"குடிக்கத்தான் செஞ்சிருக்கு" என்று ஞானப்பூ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அப்புறம் ஏன் ஏறல? கால் வேற வீங்கிருக்கே. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரிய ஆசுபத்திரியில காட்டுங்க. தள்ளிப்போட வேண்டாம்."

வரும் வழியில் சௌடம்மாவுக்கு மூச்சு இளைத்தது. ஒரு வேலமரத்தடியில் இளைப்பாற உட்கார்ந்தவள், "மதினி, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவுகளுக்கு வேற பொண்ணு பாருங்க. ஆனா என் பெட்டியில இருக்க சேலையக் கட்ட விட்டுறாதீக" என்றாள். சந்தனம்மாள் அவளைத் திட்டினாள். திட்டும்போதே அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், டீத்தண்ணியை இன்னும் கடுப்பமாகப் போட்டதுதான்.

மதுரைக்குப் போவதென்றால் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு கட்டி ஓட்டிய பஸ்ஸில் போக வேண்டும். அது எந்த மேட்டில் நிற்கும், எப்போது புறப்படும் என்று அதற்கே தெரியாது. துவர்ப்பு ஏற்றிக் காயப்போட்டிருந்த நூலைக் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றான் அப்பய்யா. ஆனால் கூட வேலை செய்த முத்துமணி பட்டாளத்துக்குப் போய்விட்டான். கனத்த நூல்கட்டைக் கழியில் கோத்து முக்கிப் பிழிய மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஊரில் பாதி இளவட்டம் பட்டாளத்தில் இருந்தது. அவன் கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றான். பிறகு உரலடிக்கு வந்தான்.

"அக்கா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா."

"எதுக்கு?"

"கழி பிடிக்கணும். பானையப் பாக்காத. மூஞ்சியத் திருப்பிக்க."

"நானா? ஆத்தா குத்தமாகிறப் போகுதுப்பா."

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நமக்கு வேற ஆள் இல்லன்னு அவளுக்குத் தெரியாதா?"

ஈரச்சேலையோடு சந்தனம்மாள் முதல்முறையாக அந்தக் கொட்டகைக்குள் போனாள். சூடம் காட்டியாயிற்று. மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. அவளுக்குப் பழகிய வாடை. புளித்த கருப்பட்டியும் துருவும் கலந்தது. இதை எங்கே முகர்ந்தோம் என்று யோசித்துக்கொண்டே கழியைப் பிடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துவிட்டாள்.

மஞ்சள் நூல் பானைக்குள் இறங்கியது. தண்ணீர் பட்ட இடம் கண்ணெதிரே கறுத்தது. கொதிக்கவில்லை, ஊறவில்லை, தொட்டதும் கறுப்பு. நூலிலிருந்து கடுக்காய்ச் சாறு கசிந்த தண்ணீரிலும் மை பரவியது. அதே மை. தினம் மூன்று வேளை அவள் டம்ளரில் பார்க்கிற மை.

கழி அவள் கையிலிருந்து நழுவியது.

"ஏக்கா, பிடி. நூலு தரையில விழுது."

அவள் அதற்குள் ஓடிவிட்டாள். பானை கெட்டது, நூல் கெட்டது, பெண்ணை உள்ளே விட்டதற்கு இது வேண்டும் என்று அப்பய்யா தலையில் அடித்துக்கொண்டு நூல்கட்டைத் தனியே தூக்கிப் போராடிக்கொண்டிருந்தான். சந்தனம்மாள் திரும்பி வந்தாள். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் மருந்துச் சீசா. மூச்சு வாங்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு."

"என்ன பாக்க? வேலையக் கெடுத்துட்டு..."

"பாருப்பா. இது டீத்தண்ணி. செவப்பா இருக்கா? இது நர்சம்மா குடுத்த மருந்து. இரும்பு."

ஊற்றினாள். கறுத்தது.

அப்பய்யா நூலைக் கழியிலேயே விட்டுவிட்டு வந்தான். டம்ளரை வாங்கி முகர்ந்தான். மடியிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்து உள்ளே முக்கி, பிழிந்து, தொட்டித் தண்ணீரில் அலசினான். தொழில்காரன் கை தானாகச் செய்கிற காரியம் அது. நூல் கறுப்பாகவே இருந்தது.

"எத்தன நாளா இப்பிடிக் குடுக்கறே?"

"மொத நாள்லருந்து. இல்லன்னா கக்கிருதே."

அவன் நூலை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"டீத்தண்ணியும் துவர்ப்புத்தான். கடுக்கா மாதிரி. துவர்ப்பு இரும்பப் பிடிச்சா விடாதுக்கா. சேல கிழியிற மட்டும் விடாது. அதுக்குத்தான நம்ம கறுப்ப ஊரு கேட்டு வாங்குது."

"அப்ப அவ வயித்துக்குள்ள?"

அப்பய்யா கறுத்த நூலை அவள் முன்னால் நீட்டினான்.

"இரும்பு பூராத்தையும் டீத்தண்ணி பிடிச்சு வச்சுக்கிருச்சு. அவ ரத்தத்துக்கு ஒண்ணும் போகல. நான்தான் என் கையால..." சந்தனம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ பிள்ளைக்குப் போகவேண்டியத நான்தான் தடுத்து வச்சிருக்கேன்."

அவளுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்கு வரப்போகிற இந்தப் பிள்ளையைத்தான் தன்னுடையது மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பய்யா கொட்டகை மூலையில் கைகழுவ வைத்திருந்த எலுமிச்சம்பழ மூடியை எடுத்தான். சாயக்காரர்கள் கைக் கறையை எடுப்பது எலுமிச்சையால்தான். அதை டம்ளருக்குள் பிழிந்து ஆட்டினான். மை வெளிறியது. இன்னும் பிழிந்தான். பழுப்பாகி, தெளிந்த தண்ணீர் மாதிரி வந்தது.

"இது ஒண்ணுக்குத்தான் விடும்" என்றான். "எந்திரி. நர்சம்மாகிட்டப் போவோம்."

நூல் அப்படியே கிடந்தது. அவன் சௌடேஸ்வரியைக்கூட நினைக்கவில்லை.

ஞானப்பூ முழுக்கக் கேட்டாள். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் வைத்துக் கறுப்பு வளையத்தைப் பார்த்தாள்.

"படிக்கறப்பச் சொன்னாக" என்றாள். "இரும்பு மருந்தோட துவர்ப்புச் சேரக்கூடாதுன்னு. டீத்தண்ணின்னே பேர் சொல்லித்தான் சொன்னாக. உங்க வீடு வரைக்கும் அது வந்திருக்கும்னு எனக்குத் தோணல. நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல. நாக்கு கறுத்திருக்கறதப் பாத்துட்டு மருந்து உள்ள போகுதுன்னு நெனச்சேன்."

"இப்ப என்ன செய்ய நர்சம்மா? காலம் கடந்துபோச்சா?"

"இன்னும் நாள் இருக்கு. மருந்துக்கும் சோத்துக்கும் கிட்ட டீத்தண்ணி வரவே கூடாது. எலுமிச்சச் சாறுல கலந்து குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, கக்கினா மறுபடி. முருங்கக்கீரை தெனமும் வேணும். ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், கெடைச்சா நல்லெண்ணெயில வதக்கிக் குடுங்க."

சந்தனம்மாள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "புளிப்புதான விட வைக்குது? அப்பக் கூழையும் நல்லாப் புளிக்க வச்சுக் குடுக்கவா?"

"குடுங்க. அதுல ஒரு கெடுதலும் இல்ல."

மதுரைக்குப் போகவில்லை. ஞானப்பூவே வாராவாரம் குதிரைவண்டியில் வந்து பார்த்தாள். சௌடம்மா முதலில் கக்கினாள், பிறகு பாதி நின்றது, பிறகு முழுவதும் நின்றது. எலுமிச்சைக்காக அப்பய்யா சந்தை சந்தையாக அலைந்தான். சந்தனம்மாள் டீத்தண்ணியைப் பெண்டாட்டி புருஷன் இருவர் கண்ணிலும் காட்டுவதில்லை. எல்லோரும் சாப்பிட்டான பிறகு, சுவரொட்டியும் கீரையும் மிச்சமில்லாமல் சௌடம்மா வயிற்றுக்குள் போனதைப் பார்த்த திருப்தியோடு, அடுப்படியில் ஒதுங்கி உட்கார்ந்து தனக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டுக் குடிப்பாள். அதுதான் அவள் சாப்பாடு.

தரையில் விழுந்த நூல் சாம்பல் பூக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் கண் பட்ட அந்தக் கறுப்பு, மற்றதைவிட ஒரு மாற்றுக் கூடுதலாகவே நின்றது. அப்பய்யா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அடுத்த முறை பானை திறந்தபோது, "அக்கா, தண்ணி ஊத்திட்டு வா" என்று மட்டும் கூப்பிட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சௌடம்மாவுக்கு வலி கண்டது. ஞானப்பூ நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது போட்ட கூச்சலில் தெருவில் நாலு தறி நின்றது. ரத்தம் போகத்தான் செய்தது. சௌடம்மா தாங்கினாள். உதடு வெளுத்துக் கிடந்தாலும் கண் திறந்து, "என்ன பிள்ளை?" என்று கேட்டாள். அப்பய்யா முற்றத்து மழையில் நின்று அழுதான். அவனுக்கு மழை வசதியாக இருந்தது.

ஞானப்பூ கைகழுவிவிட்டு வந்து, "எனக்கு ஒரு டீத்தண்ணி போடுங்க, இப்ப யாரும் தடுக்க முடியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்தனம்மாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டினாள். மூச்சு இரைத்துக் கதவு நிலையில் சாய்ந்தாள். ஞானப்பூ டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கீழிமையை இழுத்தாள்.

வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீக?"

"டீத்தண்ணி."

"நேத்து ராத்திரி?"

சந்தனம்மாள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். "எனக்கென்ன நர்சம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். மூச்சுதான் கொஞ்சம்..."

"எத்தன நாளா?"

அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. பாயில் கிடந்த சௌடம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு வைத்திருந்த தட்டுகள் ஒவ்வொன்றும், அதில் இரண்டாவது முறை விழுந்த கீரையும், 'எனக்கு வேண்டாந்தாயி, பசியில்ல' என்ற குரலும் அவளுக்கு ஞாபகம் வந்தன.

"மதினி, இங்க வாங்க."

சந்தனம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சௌடம்மா குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, தலைமாட்டிலிருந்த சீசாவை எடுத்தாள். கறுப்பு வளையம் ஏறிய அதே டம்ளர். அதில் மருந்தை ஊற்றி, எலுமிச்சை மூடியைப் பலமில்லாத விரல்களால் பிழிந்தாள். ஞானப்பூ உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"குடிங்க."

"பிள்ளை பெத்தவளுக்கு இருக்கறத நான்..."

"குடிங்க மதினி. நர்சம்மா இன்னொரு சீசா தருவாக."

சந்தனம்மாள் குடித்தாள். துருப்பிடித்த வாளித் தண்ணீரேதான். இதையா இந்தச் சிறு பெண் இத்தனை நாளும் குடித்தாள் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

"நாக்கக் காட்டுங்க" என்றாள் சௌடம்மா.

சந்தனம்மாள் சின்னப்பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினாள். கறுக்கவில்லை.

"அப்பிடியே உக்காருங்க. இன்னைக்கு நீங்க சாப்பிட்டப்புறம்தான் எனக்கு" என்று சொல்லிவிட்டு, சௌடம்மா முற்றத்தைப் பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, ரெண்டு தட்டுப் போடுங்க."

அப்பய்யா அன்றைக்குத்தான் முதல்முறையாக அடுப்படிக்குள் போனான்.